அறுநூற்றுப் பதினொன்று

செய்தித்தாள் சரியாகத்தான் போட்டிருக்கிறது:
நீதிபதி லேமார் ட்வெட்டன், எண்பத்தாறு வயது,
வட டகோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டு,
எழுதிய தீர்ப்புகள் அறுநூற்றுப் பதினொன்று.
அத்தனையையும் டைப் அடித்தவள் நான்.

சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டியவரின் மகன்.
கிராஃப்டனில் அரசு வக்கீல், பிறகு மாவட்ட நீதிபதி,
பிறகு தேர்தல். கண்காட்சித் திடலில்
பன்றிக் கூண்டுகளுக்கு நடுவே கைகுலுக்கி
வாக்குக் கேட்கத் தெரியாமல்
மழையைப் பற்றிப் பேசியே ஜெயித்தார்.

'வெளிப்படையாக' என்ற சொல்லை எங்கே கண்டாலும்
சிவப்புப் பென்சிலால் அடிப்பார்.
"வெளிப்படையாக இருந்தால், ஆர்டிஸ்,
இவ்வளவு தூரம் ஏன் வந்திருப்பார்கள்?"

ஹெஸ்கெட் வழக்கு எண்பத்தாறில்.
கோதுமை விழுந்து வட்டி விழாத வருடம்.
அறுநூற்று நாற்பது ஏக்கர். ஒரு வங்கி.
வெள்ளிக்கிழமை, நிலம் ஹெஸ்கெட்டுக்கே என்று
எழுதிக் கொடுத்தார், பதினான்கு பக்கம்.
அடித்து முடிக்கையில் வெளியே பனி, முழு இருட்டு.
திங்கள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல்
அதைத் திருப்பிக் கேட்டார்.
சட்டம் அந்தப் பக்கம் இல்லை என்றார்
ஜன்னலிடம்.
வேறு பதினொரு பக்கம்.
மூன்றுக்கு இரண்டு. வங்கி.

ஏலத்துக்கு அவர் போயிருக்கக் கூடாது.
போனார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு,
டிராக்டருக்குப் பின்னால் நின்று
இரண்டு டாலருக்கு ஒரு டப்பா போல்ட் வாங்கினார்.
பதினான்கு வருடம் மேஜையில் அதுதான்
காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டது.
என்னவென்று யாரும் கேட்கவில்லை,
நான் உட்பட.
ஓய்வு பெற்ற அன்று சுவரிலிருந்த பட்டயங்களைத்
தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டு
டப்பாவை மட்டும் கையோடு கொண்டுபோனார்
ஒரு தோள் சாய. கனம்தான்.

அந்தப் பதினான்கு பக்கத்தின் கார்பன் நகலைக்
கிழித்துவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.
இன்று அடக்கம் முடிந்து வந்து,
ஈரக் காலணியோடு அலமாரி முன் உட்கார்ந்து
எடுத்துப் பார்த்தேன்.
நீலம் மங்கிவிட்டது. ஓரத்தில் என் கட்டைவிரல்.
ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பத்தி,
முதல் சொல்:
வெளிப்படையாக.

அவர் அடிக்காமல் விட்டது.
நான் அடித்தது.