ஐந்து முடியாத

காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில்
கண்டக்டர் ஒரு குழந்தையின் உச்சந்தலையை
கம்பிக்கு நேராக அளந்து பார்த்து
"என்ன வயசு?" என்கிறார்.
"நாலு. ஆடி வந்தாதான் அஞ்சு" என்கிறாள் அம்மா.
விரல் விரித்துக் காட்டப்போன கையைப்
பொத்தி மடியில் அமுக்குகிறாள்.

என் மடியில் லேப்டாப்.
அதற்குள் பாதி நிரம்பிய படிவம்.
இளம் மென்பொருள் நிறுவனங்களை
ஒரு பெரிய கம்பெனி தூக்கிவிடுகிறதாம்:
மூன்று வருடம் சர்வர் இலவசம், வழிகாட்ட ஆள்,
சென்னையில் ஒருநாள் மேடை, மைக்.
தொடங்கி ஐந்து ஆண்டு முடிந்திருக்கக் கூடாது.

எங்களுக்கு ஐந்து வருடம், பத்தொன்பது நாள்.

பத்தொன்பது நாளுக்கு முன்
ஜெபசீலன் பாபுராவ் தெரு லாட்ஜ் ஒன்றில்
ஏணி மேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தான்.
நான் அதே லாட்ஜின் மேசைக்கடியில்
பிரிண்டர் தொண்டையில் சிக்கிய காகிதத்தைப்
புருவ இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தேன்.
மென்பொருள்தான் உங்கள் முதன்மை வருமானமா
என்று இன்னொரு கட்டம் கேட்கிறது.
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள்.
ஜெபா அதை ரூபாயாக்கினான்.
பூஜ்ஜியங்கள் ஓடி முடியட்டும் என்று காத்திருந்தோம்.
இந்த ஒரு தகுதியில்
எங்களை எவனும் அசைக்க முடியாது.

வெளி முதலீட்டாளர் யாரேனும்?
சாரோனின் மூன்று சவரன்
லாங்கு பஜாரில் அடகில் இருக்கிறது.
வட்டி வாங்குகிறவர் முதலீட்டாளரா,
கழற்றிக் கொடுத்தவளா,
அடிக்குறிப்பில் விளக்கமில்லை.

"புதுப் பேர்ல பதிவு போட்டுடலாம் நௌஷீன்" என்றான் ஜெபா.
அதே ரெண்டு பேர், அதே ரெண்டு மேசை,
கரண்ட் போனால் வீறிடும் அதே யுபிஎஸ்.
தொட்டிலில் போய்ப் படுக்க
தாடியை எடுத்தால் போதுமா என்றேன்.

எப்போது தொடங்கினோம் என்பதே சிக்கல்.
ஆடிட்டர் சொல்லும் தேதிக்கு அடுத்த வாரம்
ஊரடங்கு.
பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட
ஆணி வாங்கவும் கடை இல்லை.

என்னைக் கேட்டால்
மால்டாவிலிருந்து வந்த ஒருவர்
எங்கள் திரை முன்னால் நின்ற இரவுதான் பிறந்த நாள்.
எத்தனை நாள் தங்குவீர்கள்?
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.
மூன்று என்றார்.
இல்லை, டாக்டர் சொல்லணும் என்றார்.
எட்டு?
மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.
அவள் ஸ்கேன் உறையை
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

அன்றிரவு அந்த நட்சத்திரத்தை எடுத்தேன்.
ஒரே ஒரு வரி.
இருபத்தாறு லாட்ஜுகள் எங்களை வைத்திருப்பது
அந்த வரிக்காகத்தான்.
அங்கிருந்து எண்ணினால்
எங்களுக்கு மூன்றரை வயது.
இதைச் சொல்ல இந்தப் படிவத்தில் இடமில்லை.
எல்லாக் கட்டத்திலும் நட்சத்திரம்.

பாலாற்றுப் பாலத்தில் சிக்னல் போய்ப் போய் வந்தது.
கண்டக்டர் சிரிக்காமல் நகர்ந்தார், டிக்கெட் கிழிக்காமல்.
அம்மாவின் பிடி தளர்ந்ததும்
குழந்தை என் பக்கம் திரும்பி
ஐந்து விரலையும் விரித்தது.

நான் உண்மைத் தேதியையே அடித்தேன்.
பொத்தான் சாம்பலாகிவிட்டது.
மன்னிப்பு ஒரு வரி, அடுத்த ஆண்டு இன்னொரு திட்டம்
வரலாம் என்று ஒரு வரி.

அதற்குள் போன். கொசப்பேட்டை லாட்ஜ் மேனேஜர்.
"பதினாலாம் ரூம்ல இன்னும் இருக்காங்கம்மா,
காலி பண்ற தேதி என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போடாதீங்க" என்றேன்.
"அப்படியே விடுங்க. சிஸ்டம் கேக்காது."