மாதிரித் துண்டு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நாளுக்கு எட்டு மணி நேரம்
ஒப்பிடுவதுதான் என் வேலை.
பஞ்சு பதித்த பெட்டிக்குள் படுத்திருக்கும்
நகக்கண் அளவில் ஓர் உலோகத் துண்டு.
கோல்டன் சாம்பிள் என்போம். தங்கம் கிடையாது.
கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது.
அதன் பக்கத்தில் ஒவ்வொன்றாய் வைத்து
மைக்ரோஸ்கோப்பில் குனிந்து
சரி, சரி, சரி, தள்ளு.
தள்ளியவை சிவப்புத் தட்டில் விழும்.
ஏனென்று அவற்றிடம் சொல்வதில்லை.

எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள், லோகேஸ்வரி.
ஒரே காலையில் வேலைக்குச் சேர்ந்தோம்.
ஊழியர் எண் அவளுக்கு 40317,
எனக்கு 40318.
பத்தொன்பது வருடம்
அந்த ஒன்றைக் கழிக்க முடியவில்லை.

அவள் மூன்றாம் வருடமே லைன் லீடர்.
அவள் மைவி வாங்கினாள்,
நான் மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் போட்டேன்.
அவள் மகனுக்கு எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ.
என் மகன் என்னைப் பார்த்தான், நான்
சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவரை
இன்னும் அவன் மறந்திருக்க மாட்டான்.

குர்னி கரையோர மாடிகளில்
யார் யாரோ விளக்கேற்றி விருந்துண்கிறார்கள்,
அது என்னை ஒன்றும் செய்ததில்லை.
சுங்கை ஆராவில் லோகேஸ்வரி வீட்டுப் பால்கனியில்
துணிக்கொடி
என்னுடையதைவிட இரண்டு முழம் நீளம்.
அதுதான் தூங்க விடவில்லை.
பந்தியில் பாயசம் குறைவதெல்லாம்
பக்கத்து இலையைப் பார்த்த பிறகுதானே.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில்
பால்குடத்தோடு ஏறும்போதும்
அவள் எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று
ஒரு கண் வைத்திருந்தேன்.
அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று கேள்விப்பட்ட இரவு
இரண்டு கரண்டி சீனி கூடுதலாய்ப் போட்டுத்
தேநீர் குடித்தேன்.
இதை எந்தச் சந்நிதியிலும் சொன்னதில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை
பாதி இயந்திரங்கள் வியட்நாமுக்குப் போகின்றன என்றார்கள்.
பலகையில் பட்டியல் ஒட்டினார்கள்.
40317 இருந்தது.
அடுத்த எண் 40322.
விரலை வைத்து மூன்று முறை படித்தேன்.

ஒரு குவளை, ஒரு குளிர்ச்சட்டை, ஒரு ஜோடி செருப்பு,
அட்டைப் பெட்டியில் பாதிகூட நிறையவில்லை.
வாயிலருகே நின்று சொன்னாள்:
"நீ பரவாயில்லடி."
அவ்வளவுதான்.
வாழ்த்தா, ஆற்றாமையா,
இல்லை, அவளும் இத்தனை வருடம்
எனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாளா?

ஜெயித்தேன் என்று வீட்டுக்கு வந்தேன்.
எதிர்த்தட்டின் கல்லை
யாரோ எடுத்துவிட்ட தராசு நான்.
என் தட்டு
தடாலென்று தரையில் இடித்தது.

இரண்டு நாள். இரண்டே நாள்.
புதன்கிழமை மதியம் கேன்டீனில்
என் கண் தானாகப் போய் நின்றது
நோர்ஹயாத்தியின் சாப்பாட்டு டப்பாவில்.
அவள் கணவன் பப்பாளியை
விதை நீக்கி, தோல் சீவி
நட்சத்திரமாய் வெட்டி அனுப்புகிறான்.
தினமும்.
தினமும் என்பதை நான் எப்போது எண்ணத் தொடங்கினேன்?

வருடத்தில் ஒரு முறை
கோல்டன் சாம்பிளையே ஷா ஆலாமுக்கு அனுப்புவோம்.
அங்கே அதை இன்னொன்றின் பக்கத்தில் வைப்பார்களாம்.
அந்த இன்னொன்று விமானமேறி
வேறொரு நாட்டுக்குப் போகுமாம்.
"கடைசியில் எதன் பக்கத்தில் வைப்பார்கள்?"
பெட்டியை எடுக்க வந்த வெய் செங்கிடம் கேட்டேன்.
பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
லிஃப்டுக்கு ஓடினான்.

அது திரும்பி வரும்வரை
துண்டுகள் வந்துகொண்டேதான் இருக்கும்.
சரி என்றும் சொல்ல முடியாது, தள்ளவும் முடியாது.
மஞ்சள் சீட்டு கட்டி அலமாரியில் வைக்கிறோம்.

நேற்று அதில் ஒன்றை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்,
கையுறையோடுதான்.
விளிம்பில் சின்னதாய் ஒரு மினுக்கம்.
நன்றாக இருந்தது.
எதைவிட என்று கேட்கப்
பக்கத்தில் ஒன்றுமில்லை.