அறுபத்தொரு நாள்

மீன்பிடித் தடை விழுந்த மறுநாளே
ஏலக்கூடத்துச் சிமெண்டு காய்ந்துவிட்டது.
ஐஸ் உடைக்கும் சத்தம் இல்லை.
காசிமேட்டு விசைப்படகுகள்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன.

மீன் தலைக்குப் பழகிய பூனைகள்
இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தன.
மூன்றாம் நாள் தெருக்களுக்குள் கிளம்பின,
வரிசையில்லை, கூட்டமில்லை,
ஒன்றை ஒன்று தெரியாதது போல.

எங்கள் மாடிப்படிக்கு வந்தது
காது கிழிந்த சாம்பல் நிறத்துப் பெட்டை.
பால் வைத்தேன்.
மோந்து பார்த்துவிட்டு
மண்ணே இல்லாத தரையில்
முன்காலால் மண் தள்ளி அதை மூடினாள்.
"பாரேன், என் பாலுக்கு மரியாதையை."
தேசிங்கு சிரித்தான்.
கரையேறியபின் அதுதான் முதல் சிரிப்பு.

அறுபத்தொரு நாள் வீட்டிலிருக்கும் புருஷனை
எங்கே வைப்பதென்று
பதினோரு வருஷமாகியும் எனக்குத் தெரியாது.
ஃபேனை அணைப்பான், போடுவான்.
உப்பு டப்பாவை இடம் மாற்றுவான்.
ராத்திரியெல்லாம் ஜன்னலில் நின்று
துறைமுகத்துக்கு வரிசை கட்டும்
கண்டெய்னர் லாரிகளை எண்ணுவான்.

அவளோ வந்த அன்றே இடம் பிடித்தாள்.
வாசல் நிலை, கேஸ் சிலிண்டர், என் தையல் மெஷினின் கால்,
எல்லாவற்றிலும் கன்னத்தைத் தேய்த்தாள்,
பட்டாவில் கைநாட்டு வைப்பவள் போல.
பட்டா எங்களுக்கே இல்லை.

வாங்கி வந்த கூடையில் படுக்கமாட்டாள்.
மீன் வாடை போகாத தெர்மாகோல் பெட்டி,
அவளைவிடச் சின்னது.
அதற்குள் தன்னை ஊற்றிக்கொண்டு நிறைந்தாள்.

முள் ஏறிய காலை ஒரு வாரம் மறைத்தாள்.
சிலிண்டருக்குப் பின்னால் ஒதுங்கி, நக்கி நக்கி.
இந்த வீட்டில் அது புதிதில்லை.
கயிறு அறுத்த உள்ளங்கையை அவன்
எனக்குக் காட்டியதே இல்லை.

ஒரு ராத்திரி
அவன் மார்பில் ஏறி
முன்கால்களை மாற்றி மாற்றி அமுக்கினாள்,
இல்லாத முலைக்கு, எப்போதோ விட்டுவந்த தாய்க்கு.
நகம் பனியனில் மாட்டி மாட்டி விட்டது.
பிறகு அவள் தொண்டைக்குள் ஸ்டார்ட் ஆனது.
"இன்னாமே, லேலண்டு எஞ்சின் கணக்கா கீது"
என்றான் இருட்டில்.
"ஐட்லிங்ல ஓடுது."

எஞ்சினுக்கு மேலே பலகையில் படுத்துப் பழகியவன்.
கரையில் அவனைத் தூங்கவிடாதது
கடனில்லை, நானில்லை,
சத்தமின்மைதான் என்று
அன்றைக்குத்தான் உறைத்தது எனக்கு.
விடியும்வரை தூங்கினான், வாய் திறந்தபடி.
அன்றிலிருந்து அவள் பெயர் லேலண்டு.

நிவாரணப் பணம் வந்த கையோடு
வட்டிக்காரனுக்குப் போன அன்று
தெரு கேட்கக் கத்திக்கொண்டோம்.
அலமாரி மேல் அவள்.
முகம் சுவரைப் பார்க்க, காது மட்டும் எங்கள் பக்கம்.
எவர்சில்வர் டம்ளரை
கொஞ்சம் தள்ளினாள்.
எங்களைப் பார்த்தாள்.
இன்னும் கொஞ்சம்.
அது விழுந்து உருண்டு அடங்கும்வரை
மூன்று பேரும் பேசவில்லை.
கண்களை மெல்ல மூடித் திறந்தாள்.
உலகம் ஒன்றும் இருண்டுவிடவில்லை.

மறுநாள் காலை அவன் செருப்பருகே
பாதி கரப்பான்பூச்சி.
வேட்டை தெரியாத குட்டிக்கு வைப்பது அது.
"எனக்கா? எனக்கே சோறு போடறியா?"
என்று அதட்டிவிட்டு
பேப்பரில் மடித்து, அவள் பார்க்காதபோது எறிந்தான்.

ஜூன் பதினாலு, நடுராத்திரி நெருக்கம்.
டீசல் வாடை படியேறி வந்தது.
அவன் பையைத் தூக்குமுன்
அவள் இறங்கிப் போய்விட்டாள்.
திரும்பிப் பார்ப்பாளென்று கொஞ்சம் நின்றான்.
"திமிரு புடிச்சது" என்றான்,
சொந்த மகளைச் சொல்வது போல.

ஏழாம் நாள் ஏலத்தில்,
சங்கரா கூடைகளுக்கு நடுவில்,
அந்தக் கிழிந்த காது.
"லேலண்டு!"
தலை திரும்பவில்லை.
வால் நுனி மட்டும் ஒரு தரம் அசைந்தது,
கைவேலையில் இருப்பவள்
"ம், சொல்லு" என்பது போல.

தங்கல் முடிந்து அவன் வர இன்னும் நாலு நாள்.
தெர்மாகோல் பெட்டியை நான் கழுவவில்லை,
எறும்பு வந்துபோகிறது.
ராத்திரி தூக்கம் பிடிக்காவிட்டால்
தையல் மெஷினில் உட்கார்ந்து
சும்மா மிதிக்கிறேன்,
ஊசியில் நூல் கோக்காமல்.