கிழிந்த இடம்

முகவரியில் ஊர் இல்லை.
எண், பெயர், படைப்பிரிவு,
கடைசியில் ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.
"இது எங்கம்மா இருக்கு?"
மஞ்சக்குப்பம் தபால் நிலையத்துப் புதுப்பையன் கேட்டான்.
"குளுர்ற எடத்துல" என்றேன்.
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

முதல் பெட்டியில் போனவை:
பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ,
பருப்புப்பொடி, கால்வெடிப்புக்குக் களிம்பு,
பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய
நாலு ஜோடிக் கம்பளிக் காலுறை.
இந்த வெயிலுக்கா என்று விற்றவனே சிரித்தான்.
அப்புறம் வஞ்சிரக் கருவாடு,
பாலிதீனுக்குள் பாலிதீன், அதற்குள் இன்னொன்று.
அப்படியும் தராசுக்காரர் மூக்கைத் தூக்கினார்.
ஊறுகாய் என்றேன்.
"ஊறுகா இப்பிடியா மணக்கும்?"
கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார்.

பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வந்தது என்று
சந்துகளில் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தேன்.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நாற்பத்தொரு நாள் கழித்து அழைப்பு.
இரண்டு நிமிஷம்தான், பின்னால் வரிசை.
வந்துச்சா? வந்துச்சு.
முந்திரி? பங்கு போட்டாச்சு.
கருவாடு? குமாவுன்காரன் ஒருத்தன் காரத்துல அழுதுட்டான்.
பிறகு கலிவரதன் குரலைத் தாழ்த்தி,
"ஏய், அந்தக் கிளாரினெட் கெடச்சுதா?"

எந்தக் கிளாரினெட்?

"பேப்பர்ல இருந்துச்சே.
பேண்டு வாசிக்கிறவரு பையை ஆட்டோவுல வுட்டுட்டு
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல எறங்கிட்டாரு.
ராத்திரி கல்யாண ஊர்வலம்.
ஆட்டோ டிரைவர்னு ஆரம்பிக்குது,
அதோட தாளு கிழி"

லைன் போய்விட்டது.

விடுப்பில் வந்த நெய்வேலிக்காரர் சொன்னார்:
கசங்கலை நீவி, படுக்கைக்கு அடியில் படியவைத்து
முறை வைத்து வாசிக்கிறார்களாம்.
நாளை மின்தடை, வண்ணாரப்பாளையம், தேவனாம்பட்டினம்,
காலை ஒன்பது முதல் இரண்டு வரை,
என்று கலிவரதன் சத்தமாகப் படிக்க,
"போச்சு, மாவு அரைக்க முடியாது" என்பாராம் இவர்,
அந்தப் பனியில் உட்கார்ந்துகொண்டு.

இரண்டாவது பெட்டிக்கு
முதலில் பேப்பரைத் தேர்ந்தெடுத்தேன்.
கொடி போர்த்திய பெட்டியும் மலர்வளையமும் இருந்த பக்கம்
அடுப்புக்குப் போனது.
கடலில் புயல் சின்னம், அதுவும்.
பலாப்பழ விலை இருக்கட்டும்.
காணவில்லை: கறுப்பு வெள்ளாடு, இடக்காது மடங்கியது.
இருக்கட்டும்.
கசக்காமல் சுருட்டினேன்.

கிளாரினெட்டைத் தேடி
பழைய பேப்பர் கடைக்குப் போனேன்.
மறுநாள் தாள் போண்டா கட்டப் போய்விட்டதாம்.
ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர்,
அது சிதம்பரத்துல நடந்தது என்றார்.
இன்னொருவர், அன்னிக்கே குடுத்தாச்சே என்றார்.
மூன்றாமவர் அது சாக்ஸபோன் என்று அடித்துச் சொன்னார்.
புதுப்பாளையம் பேண்டு செட் போர்டில் இரண்டு எண்கள்.
ஒன்று உபயோகத்தில் இல்லை.
மற்றதில், "எந்தத் தேதி, பொண்ணு வூடா மாப்ள வூடா?" என்றது ஒரு குரல்.
கல்யாணம் இல்லிங்க, என்று ஆரம்பித்து
எல்லாவற்றையும் சொன்னேன்,
மலை, பெட்டி, கிழிந்த தாள்.
அந்தப் பக்கம் வெகுநேரம் மின்விசிறிச் சத்தம்.
"அவரு இதக் கேட்டாரா?
அங்கேர்ந்தா?"
பிறகு மெதுவாக, இருமி இருமி,
நடந்ததைச் சொன்னார்.

மின்தடை அறிவிப்பின் ஓரத்தில்
பால்பாயிண்டில் எழுதினேன்:
அன்றைக்கு ஊர்வலம் நின்றுபோகவில்லை.
கடன் வாங்கிய கிளாரினெட்டில் வாசித்தார்,
இரண்டு சாவி ஒட்டிக்கொண்டதாம்.
பன்னிரண்டு மணிக்கு மண்டப வாசலில்
ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர்

அந்த இடத்தில்
நானே கிழித்தேன்.