கணக்கில் சேராத ஆட்டம்

கீரணத்தம், நாலாம் மாடி,
விடியக்காலம் மூன்றே முக்கால்.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்ட ஆடிக்காற்று
கண்ணாடிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது.
திரையில் முந்தாநாள் சாயங்காலம்.
அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர்.
பாதி நாற்காலிகள் காலி.

சீசன் இன்னும் தொடங்கவில்லை.
ஜெயித்தாலும் பட்டியலில் ஏறாது,
தோற்றாலும் இறங்காது.
தொண்ணூறு பேரைக் கூட்டி வந்திருக்கிறார்கள்,
ஐம்பத்து மூன்று போதும் அவர்களுக்கு.
மிச்சத்தைக் கழிக்க
எங்கள் தாளையும் ஒருவாட்டி பார்ப்பார்களாம்.
ஒவ்வொரு மோதலுக்கும் ஒவ்வோர் ஆளுக்கும்
ப்ளஸ், பூஜ்யம், மைனஸ்.

சேர்ந்த அன்றைக்கே தரணீதரன் சொன்னது:
"பந்தைப் பாக்காதீங்க.
பந்தைத்தான் ஊரே பாக்குதுங்களே."
அதிலிருந்து நான் கால்களைப் பார்க்கிறேன்,
பந்தை ஒருநாளும் தொடாதவர்களின் கால்களை.

மூன்றாம் பகுதி.
பேர் வாங்கியவர்கள் தொப்பி போட்டு
ஓரமாய் நின்று சிரிக்கும் நேரம்
அறுபத்தேழு உள்ளே வருகிறான்.
பேர் நீளம், என் வாயில் நிற்காது.
மூட்டை தூக்கப் போகிறவன் மாதிரி இடுப்பை இறக்கி
இடது காலை அகட்டி வைக்கிறான்.
எதிரில் நிற்பவன் ஒரு லாரி.
லாரி நகரவில்லை.
ப்ளஸ்.
மறுபடி நகரவில்லை. மறுபடி ப்ளஸ்.
யாரும் கைதட்டவில்லை.
இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால்
அப்படித்தான் இருக்கும் போல.

அப்புறம் அந்த மோதல்.
பக்கத்தில் நின்ற எழுபத்திரண்டு ஆளைக் கோட்டை விட்டான்.
அறுபத்தேழு அதைப் பார்த்துவிட்டான்.
தன் ஆளை அரை நொடி விட்டு
அவனைப் பிடிக்கத் திரும்பினான்.
விட்ட ஆள் பாய்ந்தான்.
பந்து எறிபவன் மண்ணில்.

பதினொரு தரம் பின்னோட்டிப் பார்த்தேன்.
விதிப்புத்தகம் சொல்வது சுலபம்:
யார் ஆள் புகுந்தானோ அவனுக்கு மைனஸ்.

இதற்கு முன்னால் திருப்பூரில் நாலு வருடம்
பனியன் கம்பெனியில் செக்கிங்.
டியூப்லைட்டின் கீழே துணியைத் தள்ளித் தள்ளி
ஓட்டை, கறை, அறுந்த நூல்,
கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர்.
இது ஊசி போட்ட ஓட்டையா, நூலிலேயே இருந்த பழுதா
என்று ஒருநாள் கேட்டேன்.
"அது உனக்கெதுக்கு கண்ணு, ஒட்டுனியா தள்ளுனியான்னு இரு"
என்றார் சூப்பர்வைசர்.
முதுகில் எண் அச்சிட்ட சட்டைகளும் வரும்,
அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக, உள்ளே ஆளில்லாமல்.
இப்போது அதே எண்கள் ஆளோடு வருகின்றன.
வேர்க்கின்றன.

"அவனைப் போயி எதுக்குங்க இத்தனை நேரம்?
செவ்வாக்கெழமை எப்படியும் தூக்கிருவாங்க"
என்றான் தரணீதரன், காப்பிக் கோப்பையோடு.

பூஜ்யம் போட்டேன்.
விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கியதும் அவன்தான்;
அதற்குத் தாளில் கட்டமில்லை.
குறிப்பு எழுத இருபது சொல் தருவார்கள்.
எழுதி எழுதி அழித்தேன்.
"பக்கத்து ஓட்டையை அடைக்கப் போனான்"
என்பதை இங்கிலீஷில் எழுதினால்
குற்றச்சாட்டு மாதிரியே இருந்தது.

ஆறரைக்கு பேக்கரி வாசலில் டீ, தேங்காய் பன்.
தண்ணீர்க் கேன் இறக்கும் பையன் ஒருவன்
இடுப்பை இறக்காமல் முதுகால் தூக்குகிறான்.
மைனஸ், என்று வாய்க்குள் வந்துவிட்டது.
"என்னங்க்கா?"
"ஒண்ணுமில்ல சாமி. குனிஞ்சு தூக்கு."

மதியம் தூங்கி எழுந்தபோது
ஆடிட்டரிடமிருந்து ஒற்றை வரி:
பூஜ்யம் மைனஸாகத் திருத்தப்பட்டது.

செவ்வாய்க்கிழமைப் பட்டியலை நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரத் தாளில்
அறுபத்தாறுக்குக் கீழே அறுபத்தேழு இருந்தது.
இருக்கிறான்டா, என்று வீடியோவைத் திறந்தேன்.
அதே எண், அதே சட்டை.
இடது கால் அகலவில்லை.
இடுப்பு உயரத்தில் நிற்கிறது.
பேர் குட்டையாக இருந்தது, ஒரே மூச்சில் சொல்ல வந்தது.

முதல் மோதலிலேயே மல்லாந்தான்.
இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன்.
இவன் தப்புத்தான்.
மைனஸ்.