ஆறாம் அறைக்காரருக்கு

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள்.
புளியந்தீவில் எந்தத் தெருவில் போனாலும்
தண்ணீரில்தான் போய் முட்டுவீர்கள்,
வழிதவற ஏலாது என்றேன்.

கோட்டை இருக்கிறது.
வாவியைப் பார்த்தபடி பீரங்கி,
அதன் முதுகில் ஏறிப் பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள்.
மறுகா கல்லடிப் பாலம்.
புதியதில் பஸ் ஓடும்,
நீங்கள் பழைய இரும்பில் நடவுங்கள்.

மீன் பாடுமாமே, என்றீர்கள்.
அது பௌர்ணமிக்கு.
துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி
பிடியில் காதை வைக்க வேண்டுமாம்.
வேண்டுமாம் என்றுதான் சொல்கிறேன்.
பத்தொன்பது வருசமாகப் பௌர்ணமிக்கு
எல்லா அறையும் நிரம்பிவிடுகிறது,
சாவி கொடுக்க நான் நிற்க வேண்டும்.

காத்தான்குடியில் நடுத்தெருவில் பேரீச்சை.
பாலமீன்மடுவில் வெளிச்சவீடு, வெயிலேற முன்.
எல்லாம் பில்லின் பின்புறம் எழுதித் தந்தேன்.

பொழுதுபட வந்தீர்கள்.
முழங்கால் வரை சேறு,
ஒரு செருப்பைக் காணோம்.
பில் அப்படியே சட்டைப் பையில், மடிப்புக் குலையாமல்.
எங்கேயும் போகவில்லை,
இறங்குதுறையில் சவிரியானோடு குந்தியிருந்து
வலையில் சிக்கெடுத்தேன் என்றீர்கள்.
கூலி இரண்டு நண்டு.

ஒன்று கட்டறுத்து மேசையில் விழுந்தது.
பதிவேட்டின் குறுக்கே ஓடி
உங்கள் பெயருக்கு நேரே
'வந்த நோக்கம்' என்ற கட்டத்தை
நனைத்துவிட்டு நின்றது.

காலைக் கழுவிவிட்டு மேலே போங்கள்.
குசினியில் புஸ்பராணி மிளகு இடிக்கிறாள்.
எட்டரைக்கு இறங்கி வந்தால் போதும்.