ஊதா

செவ்வாய் மாலை நாலரைக்கு வந்தது மின்னஞ்சல்.
கட்டுரை: தனியாகச் சாப்பிடும் சுகம்.
எண்ணூறு சொற்கள், எழுதியவர் பெர்னிஸ்.
படத்துக்கு அரைப் பக்கம். புதன் பகல் பன்னிரண்டுக்குள்.
"இதமா இருக்கட்டும், சோகம் வேண்டாம்"
என்று அடியில் ஷு ஹுய்,
கூடவே ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

இரண்டு முறை படித்தேன்.
மெழுகுவத்தி இருந்தது. லினன் துணி இருந்தது.
உங்களுக்கு நீங்களே விருந்தாளி ஆகுங்கள்
என்றொரு வரி இருந்தது.
பசி எங்கேயும் இல்லை.

பென்சிலோடு கீழே இறங்கினேன்.
எங்கள் புளோக் கோப்பிக் கடையில்
மூன்றாவது மின்விசிறிக்குக் கீழே
அவர்.
டிஷ்யூ பொட்டலம் போட்டு மேசையைப் பிடித்துவிட்டு
நாசி பாடாங் வரிசையில் நின்று
பொரித்த மீனோடு திரும்பி வந்தவர்
எதிர் நாற்காலியைக் காலால் கொஞ்சம் தள்ளினார்.
யாரையும் எதிர்பார்த்து இல்லை,
கால் நீட்டிக்கொள்ள.
அந்தத் தள்ளலுக்காகத்தான் வரையத் தொடங்கினேன்.

விரலில் ஒட்டிய சோற்றை வரைவது கஷ்டம்.
வெள்ளைப் புள்ளி வைத்தால் பனி விழுகிறது,
மஞ்சள் வைத்தால் பூச்சி.
இரவு ஒன்றரைக்கு
ஒரு பருக்கை சரியாக வந்தது.
மற்றவை அதைப் பார்த்து வந்தன.
தட்டோரம் முள்ளைக் குவித்தேன், தலை தனியாக.
தூங்கப் போகுமுன் நீட்டிய காலில்
செருப்பின் அறுந்த வாரைச் சேர்த்தேன்.

காலை ஒன்பதுக்கு ஷு ஹுய்:
"அழகு. ஆனா இவர் யாரோ மாதிரி இருக்கார்."
யாரோதான், என்றேன்.
"அதில்லை. இவர் இந்த இனம்னு தெரியுது.
அப்போ அவங்கதான் தனியாச் சாப்பிடுறாங்களானு கேப்பாங்க.
வேற இனமா மாத்தினா அவங்க கேப்பாங்க.
தூக்கம் பற்றிய கட்டுரைக்கு
ஒரு பெண்ணைச் சோபாவில் படுக்க வெச்சியே,
மூணு கடிதம் வந்துச்சு, மறந்துட்டியா?
ஊதா பூசிடேன்.
ஊதாவுக்கு யாரும் கடிதம் எழுத மாட்டாங்க."

பூசினேன்.
நெற்றி, புறங்கை, காது மடல்,
சோறு பிசையும் ஐந்து விரல்.
கத்தரிக்காய் ஒன்று உட்கார்ந்து
மீன் தின்கிறது.
முள் வேண்டாம், ஞாயிறு காலையில் அருவருப்பு.
டிஷ்யூ வேண்டாம், விளம்பரம் மாதிரி இருக்கும்.
பதினொன்று பத்துக்கு நிஜ விளம்பரமே வந்துவிட்டது,
காற்றுச் சுத்திகரிப்பான், அரைப் பக்கம்.
எனக்குக் கால் பக்கம்.
வெட்டியதில் நாற்காலி போனது, நீட்டிய கால் போனது,
இரவெல்லாம் நான் வரைந்த வாரும் போனது.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
"சூப்பர்!" என்று வந்தது.
பணம் அறுபது நாளில் வரும்.

கோப்பில் அவருடைய நிறம் இருக்கிறது,
ஊதாவுக்கு அடியில், மூன்றாம் அடுக்கில்.
கண் குறியைத் தட்டினால் வருகிறார்.
இன்னொரு முறை தட்டினால் போகிறார்.
வியாழன் முழுக்க இதையே செய்தேன் என்று
யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஞாயிறு, கடையில் உட்கார இடமில்லை.
நாளிதழோடு நின்றவளைப் பார்த்து
அவர் நாற்காலியைக் காலால் தள்ளினார்,
இந்த முறை என் பக்கம்.
படம் மேலே தெரியும்படிதான் மடித்து வைத்தேன்,
ஒளிப்பானேன்.
எட்டிப் பார்த்தார்.
"கத்தரிக்காயா?"
மனுஷன், என்றேன்.
தலையை ஆட்டிவிட்டு
இன்னொரு வாய் சாப்பிட்டார்.
பிறகு, கேட்காமலே,
வாயிலிருந்து எடுத்த முள்ளை
அந்தக் கால் பக்கத்தின் மேல் வைத்தார்,
தட்டுக்குச் சற்றுத் தள்ளி.
நான் வைத்திருந்த இடம் அதுவல்ல.
அவருடையதுதான் சரி.

எனக்குப் பசித்தது.
டிஷ்யூ கொண்டு வரவில்லை.
பென்சிலை மேசைமேல் போட்டுவிட்டு
வரிசையில் போய் நின்றேன்.